சாயங்காலமானால் வயிறு உப்புசம், இடது விலாவுக்குக் கீழே குத்தல்: எதிலிருந்து தொடங்குவது?

குழித்துறை_ஆற்றோரம் கேட்டது:

எங்க பெரியப்பாவுக்காகக் கேட்கிறேன். வயது 58. சர்க்கரை உண்டு. மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் காலையும் இரவும், வோக்லிபோஸ் 0.3 மில்லிகிராம் மூன்று வேளையும் சாப்பாட்டோடு. எடை குறையவில்லை, மலத்தில் ரத்தம் இல்லை, வாந்தி, காய்ச்சல் எதுவும் இல்லை.

காலையில் புட்டும் கடலைக்கறியும், இல்லையென்றால் புட்டும் வன்பயறும் (காராமணி) பப்படமும். மத்தியானம் 1 மணிக்கு சம்பாச் சோறு, மீன்கறி, ஏதாவது ஒரு தோரன், மோர். 4 மணிக்குப் பால் சாயா. இரவு 8 மணிக்குச் சோற்றை நிறுத்திவிட்டு 3 சப்பாத்தி, பருப்பு அல்லது முட்டைக்கோஸ். சக்கை (பலா) சீசனில் சக்கையும் சக்கைக்கொட்டையும் எல்லார் வீட்டிலும் போலத்தான்.

சாயங்காலம் 5 மணிக்கு வயிறு பொருமத் தொடங்கும். இரவு 9, 10 மணிக்கு உச்சம். இடது விலா எலும்புக்குக் கீழே குத்தும், வாயு பிரிந்தால் லேசாகும். ஏப்பம் குறைவு. மலம் இரண்டு நாளுக்கு ஒருமுறை, இறுகித்தான் போகிறது. மருந்துக்கடையில் "கேஸ் மாத்திரை" என்று பான்டோப்ரசோல் 40 கொடுத்தார்கள். தினமும் போட்டும் மாற்றம் இல்லை. சோடா குடித்தால் அரை மணி நேரம் சுகம், திரும்பவும் பழைய கதை.

எதை முதலில் நிறுத்துவது? கடலையும் பயறும் இல்லாமல் எங்கள் ஊரில் காலைச் சாப்பாடே கிடையாது, அதை வாயு இல்லாமல் சமைக்க வழி உண்டா? குத்தும்போது உடனடியாக என்ன செய்யலாம்?

---

களியக்காவிளை_செவிலி:

தம்பி, சாப்பாட்டைப் பற்றிப் பேசும் முன்னால் ஒன்றைச் செய்துவிடுங்கள். பெரியப்பாவுக்கு வயது 58, சர்க்கரை வேறு. இடப்பக்க வலி. இ.சி.ஜி. ஒன்று எடுத்துப் பாருங்கள், இந்த வாரமே.

சர்க்கரை பல வருடம் இருப்பவர்களுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வராது. நரம்பு உணர்ச்சி மங்கியிருப்பதால் மேல்வயிறு கனம், குமட்டல், வியர்வை, காரணமில்லாத களைப்பு என்று மட்டும் வரலாம். குறிப்பாக இதயத்தின் அடிப்பகுதியில் ரத்த ஓட்டம் அடைபட்டால் அது அப்படியே வயிற்று உபாதை போலத்தான் இருக்கும். "வாயுதான்" என்று சோடாவும் சுக்கு காப்பியும் குடித்துக்கொண்டு இரண்டு மணி நேரத்தை வீணாக்குவதுதான் இதில் நடக்கிற பெரிய அநியாயம்.

பிரித்துப் பார்க்கச் சில அடையாளங்கள் உண்டு. நடக்கும்போதும் மாடி ஏறும்போதும் வந்து, உட்கார்ந்தால் குறைகிற வலி இதயத்தைச் சந்தேகிக்க வைக்கும். வாயு வலி அதற்கு நேர் எதிர், உட்கார்ந்தால் கூடும், நடந்தால் குறையும். வாயு பிரிந்ததும் வலி இடம் மாறுவது அல்லது தணிவது குடல் பக்கம் கை காட்டுகிறது. ஆனால் இவை வீட்டில் இருந்தபடி முடிவு கட்ட அல்ல. இடது கை, தாடை, முதுகு எங்காவது வலி பரவினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு இறுக்கம் 15 நிமிடத்தைத் தாண்டினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். பைக்கில் பின்னால் உட்கார வைத்து மருந்துக்கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். இ.சி.ஜி. வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். தமிழ்நாடு, கேரளம் இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான்.

இதயம் சரி என்று தெரிந்தபின், அந்த இடது விலா வலிக்குக் குடலின் அமைப்பே காரணம் சொல்லும். பெருங்குடல் வலது கீழ்வயிற்றில் தொடங்கி மேலே ஏறி, குறுக்கே போய், இடது விலாவுக்கு அடியில் மண்ணீரல் பக்கத்தில் கூர்மையாக மடங்கிக் கீழே இறங்குகிறது. பெருங்குடலிலேயே உயரமான முனை அந்த மடிப்புதான். உட்கார்ந்திருப்பவருக்கு வாயு அங்கே போய்த் தேங்கும். கீழே இறுகிய மலம் இருந்தால் இன்னும் நகராது.

---

பாறசாலை_உணவியல்:

செவிலி அக்கா சொன்னதை முதலில் முடித்துவிடுங்கள். அதன்பிறகு நீங்கள் பார்க்க வேண்டியது கடிகாரம்தான். என்ன சாப்பிட்டார் என்பதைவிட, சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்பது அதிகம் சொல்லும்.

சாப்பிடும்போதே, அல்லது முடித்த அரை மணிக்குள் மேல்வயிறு உப்பி ஏப்பம் ஏப்பமாக வந்தால், அது பெரும்பாலும் விழுங்கிய காற்று. அவசரமாகச் சாப்பிடுவது, பேசிக்கொண்டே சாப்பிடுவது, கொதிக்கக் கொதிக்கச் சாயாவை உறிஞ்சுவது, வெற்றிலை, புகை, தளர்ந்த பல்செட், சோடா எல்லாம் இதில் அடங்கும். நம்மூரில் செம்பை உயரத்தூக்கி அண்ணாந்து மடமடவென்று குடிக்கிற பழக்கமும் சேரும், ஒவ்வொரு மடக்கோடும் காற்று உள்ளே போகிறது. டம்ளரில் வாய் வைத்து மெதுவாகக் குடிக்கச் சொல்லுங்கள்.

பால் குடித்து அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கடமுட என்று சத்தம், உப்புசம், இளக்கமான மலம் என்று வந்தால் பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் சந்தேகிக்கலாம். நம் மக்களில் நிறையப் பேருக்கு வயது ஏற ஏற அதைச் செரிக்கும் லாக்டேஸ் என்சைம் குறைகிறது. ஆனால் ஒரு சாயாவில் விழும் 50, 60 மில்லி பால் பெரும்பாலோருக்குப் பிரச்சினை தராது. லாக்டோஸ் தாங்காதவர்களில்கூடப் பலர் ஒரே வேளையில் 12 கிராம் வரை, அதாவது சுமார் ஒரு டம்ளர் பால் வரை, சமாளிக்கிறார்கள். தயிரில் பாக்டீரியா கொஞ்சத்தைத் தின்றுவிடுவதால் அது இன்னும் சுலபம். ஆகவே பெரியப்பாவின் சாயாவை முதல் குற்றவாளி ஆக்க வேண்டாம்.

மூன்று நான்கு மணி நேரம் கழித்துத் தொடங்கி, ஏறிக்கொண்டே போய், கீழ்வழியாகப் பிரிகிற வாயுதான் பெருங்குடலில் உண்டாவது. பெரியப்பாவுடையது இதுதான். காலை 8 மணிக் கடலையும் மத்தியானச் சாப்பாடும் சாயங்காலத்துக்குள் பெருங்குடலுக்கு வந்து சேர்கின்றன. கடலை, பயறு, பருப்பில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் மனிதச் சிறுகுடலில் கிடையாது. யாருக்கும் கிடையாது. அப்படியே பெருங்குடலுக்கு இறங்கும், அங்கே பாக்டீரியா புளிக்க வைக்கும். ஹைட்ரஜன், கார்பன் டைஆக்சைடு, சிலருக்கு மீத்தேனும் வரும். இவற்றுக்கு நாற்றமே கிடையாது. நாறுவது மிகச் சிறிய அளவில் சேரும் கந்தகச் சேர்மங்கள், முட்டைக்கோஸ், பூண்டு, முட்டை, இறைச்சி அதற்கு வழி செய்யும்.

ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை வாயு உண்டாவதும், பத்து இருபது தடவை பிரிவதும் ஆரோக்கியமான உடம்புக்கு இயல்பு. வாயுவே இல்லாமல் ஆக்குவது நோக்கமல்ல. தேங்காமல், வலிக்காமல் போனால் போதும்.

இப்போது நான் முதலில் கை வைக்கச் சொல்வது இரவுச் சப்பாத்தியில். சர்க்கரைக்காக எல்லாரும் செய்கிற மாற்றம் இது, எண்ணமும் நல்லதுதான். ஆனால் கோதுமையில் ஃபிரக்டான் என்ற நார் உண்டு, உள்ளியிலும் (வெங்காயம்) பூண்டிலும் அதுவே உண்டு. இதுவும் சிறுகுடலில் செரிக்காமல் இறங்கிப் புளிக்கும். மூன்று சப்பாத்தி, கூடவே உள்ளி வதக்கிய பருப்பு, முட்டைக்கோஸ்: மூன்றும் ஒரே வேளையில். காலைச் சரக்கு ஏற்கனவே உள்ளே நொதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மேலே இன்னொரு சுமை. ஒவ்வொன்றும் தனியாக வந்தால் உடம்பு தாங்கும், சேர்ந்து வரும்போதுதான் அளவு மீறுகிறது.

இரண்டு வாரம் இரவில் கோதுமையை மட்டும் விடுங்கள். அளவான இடியாப்பம் இரண்டு, முட்டை அல்லது மீன், வெள்ளரி, கேரட், கத்தரி இப்படி. சாப்பிட்டு 2 மணி நேரத்தில் குளுக்கோமீட்டரில் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள், ஏறினால் இடியாப்பத்தைக் குறைக்க வேண்டும். அந்த இரண்டு வாரமும் ஒரு நோட்டில் நான்கே விஷயம்: சாப்பிட்ட நேரம், சாப்பிட்டது, உப்புசம் தொடங்கிய நேரம், மலம் போனதா இல்லையா.

---

மார்த்தாண்டம்_மருந்தகம்:

உணவியல் அக்கா சாப்பாட்டைச் சொல்லியாச்சு. எனக்கு முதல்ல கண்ணில் பட்டது அந்த வோக்லிபோஸ்.

அந்த மாத்திரை வேலை செய்யும் விதமே இதுதான்: மாவுச்சத்தைச் சிறுகுடலில் உடைக்கும் என்சைமைத் தடுக்கும். சர்க்கரை ரத்தத்தில் மெதுவாக ஏறும், சரி. ஆனால் உடையாத மாவு எங்கே போகும்? பெருங்குடலுக்குத்தான், அங்கே வாயுவாக மாறும். வயிறு உப்புசமும் வாயுவும் இந்த மருந்தின் நன்கு தெரிந்த பக்கவிளைவு. அகார்போஸும் இதே வகை. மெட்ஃபார்மினும் சிலருக்கு வயிற்றைப் பொருமச் செய்யும். அதை மெதுவாகக் கரையும் வகையாக மாற்றி, சாப்பாட்டோடு போட்டால் குறைவதுண்டு.

தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீங்க. உப்புசம் எப்போ தொடங்கிச்சு, வோக்லிபோஸ் எப்போ சேர்த்தாங்க, இந்த இரண்டு தேதியையும் எழுதிக்கொண்டு போய் சர்க்கரை டாக்டரிடம் காட்டுங்க. அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ அவரால் முடியும். இன்னொன்றும் வீட்டில் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். வோக்லிபோஸ் போடுகிறவருக்கு, வேறு சர்க்கரை மாத்திரையும் சேர்ந்து, சர்க்கரை தாழ்ந்து தலைசுற்றல் வந்தால் சீனியோ கருப்பட்டியோ கொடுத்தால் மெதுவாகத்தான் ஏறும். சீனியை உடைக்கும் என்சைமையும் அது தடுத்து வைத்திருக்கு. குளுக்கோஸ் பொடிதான் கொடுக்கணும், 15 கிராம், மூன்று தேக்கரண்டி போல, தண்ணியில் கலக்கி.

பான்டோப்ரசோல் பற்றி. அது இரைப்பையில் அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்து. நெஞ்சு கரிப்பு, புளிச்ச ஏப்பம், அல்சர் இவற்றுக்கு நல்லது, அதுவும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால். பெருங்குடலில் உண்டாகிற வாயுவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. மாதக்கணக்கில் காரணமில்லாமல் போட்டால், அமிலம் குறைஞ்சு சிறுகுடலில் பாக்டீரியா பெருக வாய்ப்பு கூடும், அதனாலேயே உப்புசம் வரலாம். மெட்ஃபார்மினும் இதுவும் சேர்ந்து நாளாக ஆக பி12 குறையவும் வாய்ப்பு உண்டு. வேறு காரணத்துக்காக டாக்டர் எழுதியதா என்று கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, இல்லைன்னா அவர் சொல்படி நிறுத்துங்க.

சிமெதிகோன் என்பது வேறு. அது வாயுவைக் குறைக்காது, நுரை நுரையா இருக்கும் சின்னக் குமிழிகளை ஒன்றாகச் சேர்த்துப் பெரிசாக்கி வெளியேற வைக்கும். சாப்பிட்டபின்னும் படுக்கப்போகும்போதும் 40 முதல் 125 மில்லிகிராம், நாளுக்கு 500-க்கு மேல் வேண்டாம். ரத்தத்தில் கலக்காது என்பதால் பெரும்பாலோருக்குப் பயமில்லை. சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. ஒரு வாரம் பார்த்துவிட்டு விடலாம்.

சோடா, பழ உப்புப் பொடி இரண்டும் கார்பன் டைஆக்சைடை உள்ளே தள்ளுது, அது பெரிய ஏப்பமா வெளியே வரும், அந்த ஏப்பம்தான் சுகம். குடலில் இருக்கிற வாயு அப்படியே இருக்கும். பழ உப்புப் பொடியிலும் ஆப்ப சோடாவிலும் சோடியம் ஏராளம், ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவங்க தொடவே வேண்டாம்.

---

வாழைத்தோட்டம்:

இத்தனை யோசனை எதுக்கு? வாயுப் பதார்த்தம் எல்லாத்தையும் நிறுத்திட்டா தீர்ந்தது. கடலை, பயறு, பருப்பு, உருளை, வாழைக்காய், சக்கை, மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு), பால். இரண்டு மாசம் கஞ்சியும் தொகையலும்.

---

பாறசாலை_உணவியல்:

அண்ணா, அக்கறையில் சொல்கிறீர்கள், ஆனால் சர்க்கரைக்காரருக்கு இது ஆபத்தான வழி. பருப்பும் பயறும் போனால் புரதமும் நாரும் போகும், கஞ்சி சர்க்கரையை ஏற்றும், மலச்சிக்கல் இன்னும் மோசமாகும். எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்தி வயிறு சரியானால், எது காரணம் என்றும் தெரியாது.

ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபாட்மேப் முறையே, அதாவது குடலில் புளித்து வாயு தரும் சர்க்கரைகளைத் தள்ளிவைத்துப் பார்க்கும் முறையே, இரண்டு முதல் ஆறு வாரம்தான் விலக்கச் சொல்கிறது. பிறகு ஒவ்வொரு வகையாகத் திருப்பிச் சேர்த்துப் பார்த்தே ஆக வேண்டும். விலக்கியே வைத்திருப்பது அந்த முறை அல்ல.

---

தோட்டுவரம்பு_அடுக்களை:

கடலை விடவே வேண்டாம் மக்கா, சமைக்கிற விதத்தில் இருக்கு காரியம். ராஃபினோஸ் தண்ணியில் கரையும். ஊறவைத்த தண்ணியிலேயே வேகவைத்தால், ஊறவைத்ததற்குப் பலனே இல்லாமல் போகும். "சத்து போயிரும்" என்று அந்தத் தண்ணியை வைத்திருப்பதுதான் பல வீட்டிலும் நடக்கிற பிழை.

ஒரு கப் கருப்புக் கடலைக்கு நான்கு கப் தண்ணி. சாயங்காலம் 6 மணிக்கு ஊறப்போடணும், படுக்கப்போகும்போது தண்ணியை மாற்றணும். நம்ம ஊர்ச் சூட்டில் ஒரே தண்ணியில் 12 மணி நேரம் கிடந்தால் நுரைத்துப் புளித்துவிடும், அது வேற தொல்லை. காலையில் வடித்து, இரண்டு தண்ணி அலசி, புதுத் தண்ணியில் மூடி போடாமல் 5 நிமிடம் கொதிக்க விட்டு, மேலே வரும் நுரையோடு அந்தத் தண்ணியையும் கொட்டிவிடணும். மறுபடி புதுத் தண்ணி விட்டு, குக்கரில் 5, 6 விசில், பிறகு சிறு தீயில் 10 நிமிடம். இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கினால் நடுவில் கட்டி இல்லாமல் மசியணும். "பல்லில் படணும்" என்று அரைவேக்காட்டில் இறக்கினால் மாவும் சரியாக வெந்திருக்காது, அதுவும் கீழே போய் வாயுதான்.

வேகாமல் போவதற்கு இரண்டு காரணம். தக்காளியோ புளியோ முன்னாலேயே போட்டால் புளிப்பு தோலை இறுக்கிவிடும், கடலை மசிந்தபிறகுதான் போடணும். இன்னொன்று உப்புத்தண்ணி, கடலோரம் பக்கம் போர் தண்ணியில் சுண்ணாம்பு அதிகம், எத்தனை விசில் விட்டாலும் கல்லு மாதிரி இருக்கும். குடிதண்ணியில் வேகவையுங்க. அதுவும் இல்லையென்றால் ஊறவைக்கும் தண்ணியில் லிட்டருக்குக் கால் தேக்கரண்டி ஆப்பசோடா போட்டு, பிறகு நன்றாகக் கழுவிவிடணும். சோடா பி1 வைட்டமினைக் கொஞ்சம் கெடுக்கும், அதனால் தினமும் அந்த வழி வேண்டாம்.

வன்பயறுக்கும் இதே முறைதான், 8 மணி நேரம் ஊறினால் போதும். ஊறப்போட மறந்த நாளில் பயறைக் கொதிநீரில் 3 நிமிடம் விட்டு, அடுப்பை அணைத்து, மூடி ஒரு மணி நேரம் வைத்து, தண்ணியைக் கொட்டிவிட்டு வேகவைக்கலாம். சிறுபயறை ஒரு நாள் முளைகட்டினால் அந்தச் சர்க்கரையை முளையே செலவழித்துவிடும். முளைகட்டியதைப் பச்சையாகத் தின்னக் கொடுக்காதீங்க, ஆவியில் வேகவைத்தே கொடுங்க. தோல் நீக்கிய சிறுபருப்பு எல்லாவற்றிலும் சுலபம்.

அளவும் பார்க்கணும். முதல் வாரம் வெந்த கடலை ஒரு சின்னக் கரண்டி, வாரத்தில் மூன்று நாள். பிறகு வாரம் வாரம் கொஞ்சம் கூட்டணும். தொடர்ந்து அளவாகத் தின்றால் குடல் பழகிக்கொள்ளும், மூன்று நான்கு வாரத்தில் அதே கடலை அவ்வளவு தொந்தரவு தராது. மாதக்கணக்கில் தொடாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் கிண்ணம் நிறையத் தின்றால்தான் பாடு.

சக்கைக்கொட்டை: வெள்ளைத் தோலை உரித்து, பழுப்புத் தோலையும் சுரண்டி, நன்றாக வேகவைத்துத் தண்ணியை வடிக்கணும். நான்கைந்துக்கு மேல் வேண்டாம். சுட்டுத் தின்றால் ருசி, ஆனால் வேக்காடு சமமாக இருக்காது. சக்கைச் சுளையும் கொட்டைத் தோரனும் ஒரே நாளில் வைக்காதீங்க, வருக்கையானாலும் கூழனானாலும் ஐந்து சுளை போதும், சர்க்கரைக்காரருக்கு அதுவே அதிகம்.

மரச்சீனிக்கு இரண்டு தோலையும் கனமாக எடுத்து, நிறையத் தண்ணியில், திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, வடித்துக் கொட்டணும். இது வாயுவுக்காக மட்டுமில்லை, கிழங்கில் உள்ள சயனைடு நஞ்சு வெளியேறவும் அதுதான் வழி. குக்கரில் மூடி வேகவைத்து அந்தத் தண்ணியையே சுண்டவிடுவது தப்பு. சூடாக இருக்கும்போதே தின்னணும். ஆறவிட்ட கிழங்கு, ஆறின சோறு, பழைய கஞ்சி இவற்றில் கொஞ்சம் மாவு செரிக்காத வகையாக மாறிவிடும். சர்க்கரைக்கு அது நல்லது என்பார்கள், உப்புசம் உள்ளவருக்கு அன்றைக்கு ஆகாது.

ஓண விருந்தை நினைத்துச் சொல்கிறேன். ஓலனில் வன்பயறு, எரிசேரியில் வன்பயறு, பருப்பு, சாம்பார், அவியல், கடைசியில் பால் பாயசம். எல்லாம் ஒரே இலையில். ஓலனோ எரிசேரியோ ஒன்று மட்டும் எடுத்து, பருப்பைக் குறைத்து, பாயசத்தை இரண்டு மணி நேரம் தள்ளிக் குடித்தால் பெரியப்பாவுக்கு அன்று ராத்திரி உறக்கம் வரும்.

காயம், சீரகம், இஞ்சி சேர்ப்பதை விடாதீங்க. ஆனால் கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவும் பிசினும் கலந்திருக்கும், கோதுமை ஆகாதவர் அட்டையைப் படித்து வாங்கணும். ஒரு சிட்டிகை, சூடான எண்ணெயில் பொரித்து. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்கள் காயத்தை மருந்துபோல அள்ளிப் போடக்கூடாது.

---

குழித்துறை_ஆற்றோரம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இ.சி.ஜி., எக்கோ இரண்டும் பார்த்தாச்சு, இதயத்தில் குறை இல்லை என்றார் டாக்டர். வோக்லிபோஸை இப்போதைக்கு இரவு வேளைக்கு நிறுத்தியிருக்கிறார். பான்டோப்ரசோல் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டார். செவிலி அக்கா, குத்தும்போது வீட்டிலேயே செய்ய என்ன உண்டு? ஓமத்தண்ணி கொடுக்கலாமா?

---

களியக்காவிளை_செவிலி:

நல்ல காரியம் செய்தீர்கள், நிம்மதி.

முதலில் நடை. இரவுச் சாப்பாடு முடிந்து உடனே படுக்காமல், வீட்டு முற்றத்திலேயே 10, 15 நிமிடம் மெதுவாக நடக்கட்டும். நடந்தால் குடலும் அசையும், தேங்கிய வாயு நகரும். சாப்பாட்டையும் 8-லிருந்து 7-க்கு இழுக்க முடிந்தால் நல்லது.

குத்தல் இருக்கும்போது: மல்லாந்து படுத்து, வலது முழங்காலை மடக்கி இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடிக்கட்டும், மூச்சை அடக்காமல் 20, 30 விநாடி. பிறகு இடது கால். பிறகு இரண்டும் சேர்த்து. நான்கைந்து சுற்று. வலதில் தொடங்குவது குடலின் போக்குக்காக, அந்தப் பக்கம் ஏறி இந்தப் பக்கம் இறங்குகிறது அல்லவா. வயிறு நிறைந்த உடனே வேண்டாம், ஒன்றரை இரண்டு மணி நேரமாவது போகட்டும். குடலிறக்கம், சமீபத்தில் வயிற்று அறுவை, இடுப்பு மூட்டு மாற்றியவர்கள், கர்ப்பிணிகள் இதைச் செய்யக்கூடாது.

அதன்பின் வயிற்றைத் தடவிவிடலாம். கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். அவருடைய வலது இடுப்பெலும்புக்கு உள்பக்கம் தொடங்கி, விலா வரை மேலே, தொப்புளுக்கு மேலே குறுக்காக இடது விலா வரை, அங்கிருந்து இடது இடுப்பு வரை கீழே. அழுத்தம் மிதமாக, 5 நிமிடம். எதிர்த்திசையில் தடவினால் வாயுவை வந்த வழியே திருப்பித் தள்ளுவதாகும். தொட்டால் வயிறு பலகைபோல இறுகியிருந்தாலோ, அழுத்தியதைவிட விடும்போது வலி கூடினாலோ தடவாதீர்கள், உடனே ஆஸ்பத்திரி.

ஓமத்தண்ணி கொடுக்கலாம். அரைத் தேக்கரண்டி ஓமத்தை லேசாக வறுத்து, 200 மில்லி தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து, வெதுவெதுப்பாக. ஓமத்தில் உள்ள தைமால் குடல் இறுக்கத்தைத் தளர்த்துவதால் குத்தல் கொஞ்சம் தணியும். நெஞ்சு கரிப்பு உள்ளவருக்கு அதே தளர்ச்சி அமிலத்தை மேலே ஏற்றிவிடும், அப்படியானால் சீரகத் தண்ணி போதும்: லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி. கருப்பட்டி போட்ட சுக்கு காப்பி பெரியப்பாவுக்கு வேண்டாம், கருப்பட்டி இல்லாமல் கொடுங்கள்.

எப்போது வீட்டு வைத்தியத்தை நிறுத்த வேண்டும் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வயிறு உப்பி, வாந்தி வந்து, மலமும் வாயுவும் முழுதாக நின்றுபோனால் அது குடல் அடைப்பாக இருக்கலாம், ஒரு மணி நேரம்கூடத் தள்ளக்கூடாது. கரிய மலம், ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றுப்போக்கு, விழுங்கக் கஷ்டம் இவற்றுக்கு டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். 50 தாண்டிய பெண்களுக்கு வாரக்கணக்கில் விடாமல் வயிறு உப்புசமும், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்த உணர்வும் இருந்தால், சூலகத்தைப் பார்க்க ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். நம் வீட்டு அம்மாக்கள் இதை "வாயு" என்றே மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள்.

---

மார்த்தாண்டம்_மருந்தகம்:

மலச்சிக்கலை யாரும் எடுக்கலையே. இரண்டு நாளுக்கு ஒரு தடவை இறுகிப் போகிற வரைக்கும் வாயு தேங்கிக்கிட்டேதான் இருக்கும், வேறு என்ன மாற்றினாலும் பாதிப் பலன்தான். இசப்கோல் உமி ஒரு தேக்கரண்டி, ஒரு டம்ளர் தண்ணியில் கலக்கின உடனே குடிக்கணும், மேலே இன்னொரு டம்ளர் தண்ணி. ஒரு வாரம் கழிச்சு இரண்டு தேக்கரண்டி. தண்ணி குறைச்சுக் குடிச்சா அதுவே களியா இறுகி அடைச்சுக்கும். முதல் சில நாள் உப்புசம் கொஞ்சம் கூடின மாதிரி இருக்கும், அதுக்காக நிறுத்த வேண்டாம். லாக்டுலோஸ் சிரப் மட்டும் வாங்கிக் கொடுக்காதீங்க, மலச்சிக்கலுக்கு நல்ல மருந்துதான், ஆனா அது புளிச்சுத்தான் வேலை செய்யும், இவருக்கு வாயு இரட்டிப்பாகும்.

மேற்கத்திய கக்கூஸ் என்றால் காலுக்கு அடியில் அரை அடி உயர மணை ஒன்று போடுங்க. முழங்கால் இடுப்பைவிட மேலே வந்தால் மலம் சுலபமாக இறங்கும்.

---

குழித்துறை_ஆற்றோரம்:

இசப்கோலை மெட்ஃபார்மினோடு சேர்த்து இரவில் கொடுக்கலாமா அண்ணா?

---

மார்த்தாண்டம்_மருந்தகம்:

சேர்த்து வேண்டாம். உமி மாத்திரையைச் சுற்றிக்கொண்டு உடம்பில் சேர விடாமல் தாமதப்படுத்தும். மாத்திரை 7 மணிச் சாப்பாட்டோடு, இசப்கோல் 9 மணிக்கு, குடிச்சதும் படுக்காமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கட்டும். சர்க்கரை ஏறுவதும் கொஞ்சம் குறையும், அதனால் முதல் வாரம் காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்த்து அந்த நோட்டிலேயே எழுதி டாக்டரிடம் காட்டுங்க.